பாத்தாச்சு

அந்த அறையில் முன்பு மல்லாட்டை மூட்டைகள் இருந்தன. கெடாரில் தனத்தின் பங்குக்கு வந்த நிலத்தில் விளைந்த வேர்க்கடலை. விலை ஏறும்வரை விழுப்புரம் வீட்டின் பின்னறையில் கிடக்கும். பொங்கல் முடிந்து மூட்டைகளை விற்றாள். அறையைக் கழுவிவிட்டாள். சாவியைக் கணவன் தென்னரசிடம் கொடுத்தாள்.

"மெஷின் வெச்சுக்கங்க. இன்னா வேணா செய்ங்க. பாய்லர மட்டும் வேற ஒருத்தர் டெஸ்ட்டு பண்ணணும். நீங்க பண்ணக் கூடாது. கூடவும் நிக்கக் கூடாது."

ஏன் என்று தென்னரசு கேட்கவில்லை. தனத்தின் அண்ணன் பெயர் விருத்தாசலம். ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் பாய்லரடியில் வேலை செய்தவர். ஒருநாள் அதன் மூடி பெயர்ந்தது. அவருக்கு இப்போது இடது காது கிடையாது. காலர் உரசினால் கழுத்து எரியும் என்று சட்டை போடுவதில்லை, துண்டுதான். அந்த பாய்லரை நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னவர் மில் முதலாளி. தன் பொருளைத் தானே சோதிக்கிறவன் கண்ணுக்குக் குறை தெரியாது என்று தனம் அன்று முடிவு செய்தாள். அவள் வீட்டில் குக்கர் கிடையாது. பருப்பு திறந்த பாத்திரத்தில்தான் வேகும்.

தென்னரசு டிப்ளமோ படித்தது மெக்கானிக்கல். வேலை கிடைத்தது கூட்டுறவு வங்கியில். இருபத்தைந்து வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். ஒரு சிறிய நீராவி எஞ்சின் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. மேஜைமேல் நிற்கும் அளவு. ஆனால் பொம்மை அல்ல. தண்ணீர் கொதித்து, ஆவி போய், பிஸ்டனைத் தள்ளி, சக்கரம் சுற்ற வேண்டும்.

படிப்பில் கூட இருந்தவன் சுகுமார். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்தான். தென்னரசு விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. என்ன அளவு, எத்தனை பவுண்டு பிரஷர் என்று கேட்டான். இருபத்தைந்து வருடத்தில் தென்னரசிடம் அப்படி யாரும் எதையும் கேட்டதில்லை.

புதுச்சேரியில் ஒரு பழைய சின்ன லேத் விலைக்கு வந்தது. குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு சுகுமாரே கூட வந்தான். இறக்கி வைத்த பிறகு வேலை ஆரம்பித்தது. லேத்தின் படுக்கைமேல் ரசமட்டத்தை வைத்தான். நான்கு காலின் அடியிலும் தகரத் துண்டுகளைச் செருகி, எடுத்து, மறுபடி செருகினான். தண்ணீர்க் குமிழ் நடுக்கோட்டில் நிற்கும்வரை சாப்பிட வர மறுத்தான்.

"லேத்து நேரா நிக்கணும். நீ எப்படி நின்னாலும் பரவால்ல" என்றான்.

பெஞ்சுக்கு வேப்பம்பலகை போட்டார்கள். உயரத்தைத் தென்னரசின் முழங்கைக்கு அளந்து கால் அறுத்தார்கள். வைஸ், டிரில்லிங் மெஷின், சாணைச் சக்கரம் ஒவ்வொன்றாக வந்தன. ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன். சுவரில் ஆணிகள். எந்த ஆணியில் எந்த டூல் என்று சுகுமார் சாக்பீஸால் வரைந்து வைத்தான். ஞாயிறுதோறும் வந்தான். வரும்போது மரக்காணத்திலிருந்து மீன் வாங்கி வருவான். தனத்தைத் தங்கச்சி என்பான். அவள் அண்ணா என்பாள். பித்தளைத் தூள் ஒட்டிய கையோடு சோற்றில் கை வைக்கக் கூடாது என்று அவள் திட்டுவாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவான்.

சிலிண்டரைத் தென்னரசு கடைந்தான். முதலாவது பாழானது. இரண்டாவதில் பிஸ்டன் தன் எடையிலேயே மெல்ல இறங்கியது. சக்கரம் காப்பித் தட்டு அளவு. மாலையில் விளக்கேற்ற வரும்போது தனம் அதை ஒரு விரலால் தட்டிவிட்டுப் போவாள். அது வெகுநேரம் சுற்றும்.

பாய்லர் கடைசியில். முழங்கை நீளத் தாமிரக் குழாய். இரண்டு பக்கமும் தாமிரத் தட்டு. தட்டைக் குழாயோடு வெள்ளிப் பற்று வைத்து இணைக்க வேண்டும். அதற்குப் பெரிய கேஸ் பர்னர் தேவை. நான்கு கை தேவை. திண்டிவனத்தில் சுகுமாரின் பட்டறையில் இருவரும் சேர்ந்து செய்தார்கள். பற்று ஓடுவதற்காக வெங்காரத்தைக் குழைத்து இணைப்பின் உள்ளும் புறமும் தடவினார்கள். தாமிரம் சிவந்தது. வெள்ளி ஒரு நொடியில் வட்டம் முழுவதும் ஓடியது. ஆறிய பிறகு வெளிப்பக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். உள்ளே கை போகாது. உள்ளே ஒட்டியிருக்கும் வெங்காரம் டெஸ்ட் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்றான் சுகுமார்.

டெஸ்ட் என்பது எளிமையானது. பாய்லருக்குள் சொட்டுக் காற்று இல்லாமல் பச்சைத் தண்ணீர் நிரப்ப வேண்டும். கைப்பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். ஓடப்போவது நாற்பது பவுண்டில் என்றால் எண்பதுக்கு ஏற்றி, சில மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். இணைப்பு தண்ணீரில் விட்டுப்போனால் சொட்டும். ஆவியில் விட்டுப்போனால் வெடிக்கும்.

தனம் சொன்னபடி பாய்லரை அங்கேயே விட்டுவிட்டுத் தென்னரசு ஊர் திரும்பினான்.

அடுத்த ஞாயிறு சுகுமார் அதைக் கொண்டுவந்தான். துணியில் சுற்றியிருந்தான். பிரித்தபோது தாமிரத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. தனம் ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"பாத்தீங்களாண்ணா?"

"பாத்தாச்சு தங்கச்சி."

அவள் பாய்லரைத் தொட்டாள். முதலில் ஒரு விரல். பிறகு உள்ளங்கை. முதல்நாள் நெருப்பு வைக்கும்போது தானும் பக்கத்தில் உட்காரப்போவதாகச் சொன்னாள். அன்று மாலையே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பெஞ்சுக்கு அருகில் போட்டாள். அதில் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்றாள்.

விஜயதசமி அன்று கொளுத்துவது என்று முடிவானது. முதல் நெருப்பை வைக்க சுகுமார் வர வேண்டும்.

ஆயுதபூஜை காலையில் தென்னரசு எல்லாவற்றையும் கழுவினான். லேத்தைத் துடைத்தான். ஸ்பானர்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தான். பாய்லரையும் ஒருமுறை அலசிவிடலாம் என்று தோன்றியது. தண்ணீர் ஊற்றும் துளையை மூடிய மேல்பக்கப் பிளக்கின் தலைமேல் சந்தனம் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டுத் திருகினான். பிளக் வந்தது. பாய்லரைக் கவிழ்த்தான்.

வெள்ளை மாவு கொட்டியது.

கொஞ்சம்தான். ஒரு சிட்டிகை இருக்கும். பிறகு கற்கண்டுபோல் இரண்டு துண்டுகள் விழுந்தன. எச்சில் தொட்ட விரலை மாவில் வைத்தான். வழவழத்தது. கரைந்தது.

வெங்காரம்.

செல்போன் விளக்கைத் துளையருகே பிடித்து உள்ளே பார்த்தான். பற்று வைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. இணைப்பு ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. அதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இதுவரை போகவில்லை.

அடுப்படியில் தனம் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். சுகுமார் அண்ணனுக்குச் சாயந்திரம் போன் பண்ணி ஞாபகப்படுத்துங்கள் என்று அங்கிருந்தே சொன்னாள். சரி என்றான். பாய்லரைக் கட்டைப்பையில் வைத்தான். திண்டிவனம் வரை போய்வருவதாகச் சொன்னான். பூஜை நாளில் என்ன வேலை என்று அவள் கேட்டாள். ஒரு வாஷர் வேண்டும் என்றான்.

பேருந்தில் கூட்டம். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எல்லா லாரிகளின் நெற்றியிலும் மாலை இருந்தது. கூட்டேரிப்பட்டில் ஓர் அம்மாள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையில் என்ன, சாமியா என்று கேட்டாள். இல்லை என்றான். வழியெல்லாம் அவன் வேறு ஏதாவது காரணம் இருக்குமா என்று யோசித்தான். டெஸ்ட் செய்த பிறகு வெயிலில் காயவைத்திருக்கலாம். காயவைத்தாலும் கரைந்து தண்ணீரோடு கொட்டிப்போனது திரும்பி வராது. பாய்லர் மாறியிருக்கலாம். மாறவில்லை. பக்கத் தட்டில் அவனுடைய சுத்தியல் தவறி விழுந்த வடு இருந்தது. திண்டிவனம் வரும்போது எந்தக் காரணமும் மிச்சமில்லை.

பட்டறை ஷட்டரில் வாழைக்கன்று கட்டியிருந்தது. ஆட்கள் பொரி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சுகுமார் புது வேட்டியில் தனியாக இருந்தான். மச்சான் என்று எழுந்தான். தென்னரசு பையிலிருந்து பாய்லரை எடுத்து வைத்தான். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்த மாவைப் பக்கத்தில் பிரித்து வைத்தான்.

சுகுமார் அதைப் பார்த்தான். தொட்டுப் பார்க்கவில்லை. என்னவென்று கேட்கவும் இல்லை.

"பம்ப எடு" என்றான் தென்னரசு.

"எல்லாம் கும்பிட்டு வெச்சிருக்குடா. இன்னிக்கி தொடக்கூடாது. நாளைக்கி பாக்கலாம்."

"எடு."

சுகுமார் பூஜை வைத்த இடத்துக்குப் போனான். வைஸ்களுக்கும் கேஜ்களுக்கும் நடுவில் கைப்பம்பு மாலையோடு இருந்தது. மாலையைக் கழற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்து வந்தான். பாய்லரில் தண்ணீர் நிரப்பி, பம்பை மாட்டி, கைப்பிடியை அழுத்தினான். பிரஷர் கேஜின் முள் அசையவில்லை. பம்பின் கழுத்து வழியே தண்ணீர் பொங்கியது. தென்னரசு பம்பைப் பிரித்தான். தோல் வாஷர் கருவாடுபோல் காய்ந்து விரிந்திருந்தது. இந்த வருடம் அந்தப் பம்பு எதற்கும் வேலை செய்யவில்லை.

வேறு வாஷரை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டார்கள். முள் ஏறியது. நாற்பது. அறுபது. எண்பது. சுகுமார் கையை எடுத்தான். இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளியே யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். முள் இறங்கவில்லை. தென்னரசு இணைப்பு முழுவதையும் விரலால் தடவினான். ஈரமில்லை. மதியம் தாண்டியது. முள் அங்கேயே நின்றது.

சுகுமாருக்கு மூச்சு வந்தது.

"பாரு. ஒண்ணும் ஆவல. நம்ம ஜாயிண்ட்டு எப்படி ஆவும்?"

"ஏன்டா பண்ணல?"

"நான் பாத்தேன்டா. கண்ணால பாத்தேன். வெள்ளி சுத்தி வர ஓடியிருந்துச்சு. பாத்தாச்சுன்னு சொன்னேன். டெஸ்ட்டு பண்ணிட்டேன்னு நான் சொல்லலியே."

தென்னரசு முள்ளையே பார்த்தான். சுகுமார் மேலும் பேசினான்.

"நீ அதுல நெருப்பு வெப்பேன்னே நான் நெனைக்கலடா. நெசமா சொல்றேன். ஷோகேஸ்ல வெப்ப, வர்றவங்களுக்குக் காட்டுவன்னு நெனச்சேன். பேங்க்ல உக்காந்துக்கினு இருக்கறவனுக்குப் பொழுது போவணும். எனக்கும் ஞாயித்துக்கெழம வந்தா நல்லா இருந்துச்சு. தங்கச்சி கையால சாப்பாடு. அவ்ளோதான்."

தென்னரசு ரசமட்டத்தின் குமிழை நினைத்தான். அதை நடுவில் நிறுத்துவதற்காகச் சுகுமார் தரையில் படுத்துத் தகரம் செருகியதை நினைத்தான். அதுவும் ஷோகேஸுக்குத்தான். சுவரில் சாக்பீஸ் கோடுகளும். எத்தனை பவுண்டு என்ற அந்த முதல் கேள்வியும்.

"அவ பக்கத்துல உக்காரப் போறான்னு தெரியும் இல்ல ஒனக்கு" என்றான்.

சுகுமார் பம்பின் கைப்பிடியைத் துடைத்தான்.

"இப்பதான் பாத்தாச்சு இல்ல. வீட்ல ஒண்ணும் சொல்லிக்காத. தங்கச்சி பேஜாராயிடும். நான் காலைல வந்துடறேன்."

தென்னரசு அழுத்தத்தை இறக்கினான். தண்ணீரைக் கொட்டினான். பம்பையும் தன் பையில் போட்டுக்கொண்டான். சுகுமார் தடுக்கவில்லை.

வீட்டில் படையல் முடிந்து இலை போட்டிருந்தது. வாஷர் கிடைத்ததா என்று தனம் கேட்டாள். கிடைத்தது என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாய்லர் நன்றாக இருக்கிறது. டெஸ்ட் ஆகிவிட்டது. வேறு ஒருவன் கைதான் பம்பு அடித்தது. தான் கூட நின்றது ஒன்றைத் தவிர, அவள் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. சுகுமார் சொன்னது இப்போது பொய்கூட இல்லை.

பையிலிருந்து பம்பை எடுத்து வைத்தான்.

"இன்னிக்குத்தான் பாத்தது" என்றான்.

அவள் புரிந்துகொள்ள நேரம் எடுத்தாள். பிறகு சாம்பார் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டாள்.

"அன்னிக்கி?"

"பாக்கல."

"என் மூஞ்சியப் பாத்து சொன்னாரே."

"சொன்னான்."

"இன்னிக்கி நீங்க தொறக்கலன்னா?"

அவள் பரிமாறினாள். சாப்பிட்டான். கூட நிற்கக் கூடாது என்று தான் போட்ட நிபந்தனையைப் பற்றி அவள் பேசவில்லை. பாத்திரம் கழுவி முடித்துப் பின்னறைக்குப் போனாள். ஆயுதங்களுக்குப் படைத்திருந்த பழத்தை ஒழுங்காக்கினாள். தன் நாற்காலியைப் பார்த்தாள். எடுத்துவிடுவாள் என்று தென்னரசு எதிர்பார்த்தான். அவள் அதைப் பெஞ்சுக்கு இன்னும் ஒரு சாண் நெருக்கமாக நகர்த்திப் போட்டாள்.

நாளைக்கு சுகுமார் அண்ணன் கட்டாயம் வரட்டும் என்றாள்.

விஜயதசமி விடியலில் தனம் வாசலில் கோலம் போடும்போது தென்னரசு பின்னறைக்குப் போனான். அழுத்தம் அளவை மீறினால் ஆவியை வெளியே விடும் சேஃப்டி வால்வைப் பம்பில் மாட்டித் தண்ணீர் அழுத்தினான். நாற்பதில் திறந்துகொண்டது. மறுபடி செய்தான். நாற்பது. மறுபடியும். எஞ்சினை பாய்லரோடு இணைத்தான். தண்ணீர் ஊற்றினான். ஸ்பிரிட் விளக்கை நிரப்பினான்.

சுகுமார் ஜிலேபிப் பெட்டியோடு வந்தான். பைக்கை நிறுத்தும்போதே தங்கச்சி, காப்பி என்றான். தனம் காப்பி கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். அவன் முகம் தெளிந்தது. தென்னரசைப் பார்த்துத் தலையசைத்தான். சொல்லாமல் விட்டதற்கு நன்றி மாதிரி இருந்தது.

மூவரும் பின்னறைக்குப் போனார்கள். தனம் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

"நீ உக்காரும்மா. நீதான உக்காரணும்னு சொன்ன" என்றான் சுகுமார்.

"நீங்க உக்காருங்கண்ணா. நீங்க பாத்ததுதான."

அவன் சிரித்தான். தென்னரசைத் திரும்பிப் பார்த்தான். தென்னரசு தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். சுகுமார் மறுபடி தனத்தைப் பார்த்தான். அவள் முகம் சாதாரணமாக இருந்தது. சுகுமார் உட்கார்ந்தான். பாய்லர் அவன் கன்னத்துக்கு நேராக இருந்தது. விருத்தாசலத்துக்குக் காது இருந்த உயரம்.

முதல் நெருப்பை நீதானே வைக்க வேண்டும் என்று தென்னரசு தீக்குச்சியை நீட்டினான். சுகுமார் வைத்தான். ஸ்பிரிட் நீலமாக எரிந்தது. தென்னரசு பெஞ்சின் அடுத்த முனைக்குப் போய் நின்றான்.

தண்ணீர் முதலில் முனகியது. பிறகு உறுமியது. முள் ஐந்தைத் தொட்டது. பத்து. எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் சுற்றியது. இருபதில் சுகுமார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான். சுவர் இடித்தது. அதற்கு மேல் இடமில்லை.

இருபத்தைந்து.

"டேய், சேஃப்டி வால்வு பாத்தியா?"

"பாத்தாச்சு" என்றான் தென்னரசு.

சுகுமார் அவன் முகத்தைப் பார்த்தான். எதையோ தேடினான். தென்னரசு முகத்தைத் திருப்பவில்லை. முள் முப்பதைத் தாண்டியது. சுகுமாரின் கழுத்தில் வியர்வை இறங்கியது. எழுந்தான். நாற்காலி சாய்ந்து விழுந்தது. போன் வருது என்றான். சட்டைப் பையில் போன் சத்தமில்லாமல், வெளிச்சமில்லாமல் இருந்தது. நிலைப்படியில் தனம் ஒதுங்கி வழிவிட்டாள்.

"சாப்ட்டுப் போங்கண்ணா" என்றாள்.

பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

நாற்பதில் வால்வு திறந்தது. ஆவி சீறிக்கொண்டு கூரைக்குப் போனது. தென்னரசு நாற்காலியை நிமிர்த்திப் போட்டான். அதில் உட்கார்ந்தான். ஆவிக் குழாயின் குமிழைத் திறந்தான். பிஸ்டன் தயங்கியது. சிலிண்டர் துப்பியது. விரலால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினான். சுற்ற ஆரம்பித்தது. நிற்கவில்லை. வேகமெடுத்து, ஆரக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை சுற்றியது. அவன் செய்தது. தண்ணீரும் நெருப்பும் அதைச் சுற்றின.

திரும்பிப் பார்த்தான். தனம் நிலைப்படியில் இல்லை. துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், மதில் ஓரமாக நின்றிருந்தாள். அங்கிருந்து அவளுக்குச் சக்கரம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

வா என்று கையைக் காட்டினான்.

அவள் எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"வால்வ நெசமாவே பாத்தீங்களா?"

மூன்று முறை பார்த்திருந்தான். அதைச் சொல்வதற்குச் சுகுமார் சொல்லாத வேறு ஒரு வார்த்தை தேடினான். கிடைக்கவில்லை.

"பாத்தேன்" என்றான்.

அவள் தலையாட்டினாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.